பற்ற வைக்காத குப்பி லாம்பு

போன மார்கழியில் ஒரு விடியற்காலை, பக்கத்து லயத்துப் பிள்ளை ஒரு போத்தலைக் கொண்டுவந்து எங்கள் இஸ்தோப்பில் வைத்தாள். உள்ளே தேங்காய் எண்ணெய், வெள்ளையாக உறைந்து கிடந்தது. அதில் விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்கு ஆறு, சாமிக்குக் குத்திவைத்த ஊதுபத்தி மாதிரி நின்றன. எண்ணெய்க்குள் யூகலிப்டஸ் தைலமும் ஊற்றியிருக்கிறாளாம்.

"ரெண்டு கிழமையா வச்சிருக்கேன் மாமா. மூக்கைக் கொண்டுபோய் போத்தல் வாயில வச்சாத்தான் மணக்குது."

அவள் எல்லயில் ஒரு விடுதியில் அறை துப்புரவாக்கும் வேலை பார்த்தவள். அங்கே ஒவ்வொரு அறை மேசையிலும் ஒரு சின்னப் போத்தல், அதில் ஏழெட்டுக் குச்சி. நெருப்பு இல்லை, புகை இல்லை, கரண்ட் இல்லை. ஆனாலும் கதவைத் திறந்தால் வாசம் முகத்தில் வந்து படும். அதற்கு 'ரீட் டிஃபியூசர்' என்று பெயர். கடையில் அதன் விலையைக் கேட்டுவிட்டு வந்தவளுக்கு, நாமே செய்து விற்றால் என்ன என்று தோன்றியிருக்கிறது. குச்சியும் எண்ணெயும் போத்தலும்தானே!

தேத்தண்ணி ஊற்றச் சொன்னேன். தட்டில் மாரி பிஸ்கட் இருந்தது. ஒன்றை எடுத்து, ஓரத்தை மட்டும் தேத்தண்ணியில் படும்படி பிடிக்கச் சொன்னேன். தொட்டது நுனி மட்டும்தான். ஆனால் சாயம் மெல்ல மேலே ஏறி, விரல் பிடித்த இடம்வரை ஈரமாக்கிவிட்டது. பிஸ்கட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத சந்துகள் நிறைய. சந்து எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம் தண்ணீர் தானாக ஏறும். குப்பி லாம்பில் திரி மண்ணெண்ணெய் குடிப்பதும் இதனால்தான். லயங்களுக்குக் கரண்ட் வரும் முன் நாம் எல்லோரும் அந்த வெளிச்சத்தில்தான் படித்தோம். போத்தல், மூடியில் ஓட்டை, அதில் துணித் திரி. திரி நுனிக்கு வந்த எண்ணெயை நெருப்பு தின்னும், கீழேயிருந்து மேலும் ஏறும்.

டிஃபியூசர் என்பது பற்ற வைக்காத குப்பி லாம்பு. திரிக்குப் பதில் குச்சி. நெருப்பு செய்த வேலையை இங்கே காற்று செய்கிறது. குச்சியின் மேல்பகுதியில் ஏறி நிற்கும் வாசனை நீர் காற்றில் ஆவியாகிப் போகும், போன இடத்தை நிரப்பக் கீழேயிருந்து இன்னும் ஏறும். ஆக, வேலை இரண்டு: ஏற வேண்டும், ஆவியாக வேண்டும். இந்த இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் சாமான் உபயோகமில்லை.

அவளுடைய போத்தலில் இரண்டுமே இல்லை.

தேங்காய் எண்ணெய் ஆவியாகாது. கைபட்ட கதவில் ஒரு வருடத்துக்குப் பிறகும் பிசுக்காக இருக்கிற பொருள் அது. அது தடிப்பான எண்ணெய், குச்சியில் ஏறவும் சோம்பல்படும். சுமார் 24 பாகைக்குக் கீழே போனால் உறைந்தும் விடும். பண்டாரவளைக் குளிரில் தலைக்கு எண்ணெய் வைக்கப் போத்தலை அடுப்போரம் வைத்து இளக்குகிறவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. யூகலிப்டஸ் தைலம் ஆவியாகத் தயார். ஆனால் தேங்காய் எண்ணெய் அதைப் பிடித்து வைத்துக்கொண்டது.

"அப்ப தண்ணி?" என்றாள். தண்ணீரில் தைலம் கரையாது, மேலே படலமாக மிதக்கும். குச்சி தண்ணீரைத்தான் குடிக்கும். "ஸ்பிரிட்?" மதுசாரத்தில் கரையும், ஏறும், ஆவியாகவும் செய்யும். அது அளவுக்கு மீறி ஆவியாவதுதான் சிக்கல். கொஞ்ச நாளில் போத்தல் காலி. அதோடு சுத்த மதுசாரத்தின் ஆவி 13 பாகை அளவிலேயே நெருப்பைப் பிடித்துக்கொள்ளும், அதாவது நம் மலையின் சாதாரண வெயில் நாளிலேயே. சாமிப் படத்துக்குக் கீழே விளக்கு எரிகிற காம்பராவில் அதை வைப்பது புத்தியில்லை. நல்ல ஸ்பிரிட்டை மொத்தமாக வாங்குவதும் மதுவரித் திணைக்களத்தின் அனுமதியோடு நடக்க வேண்டிய காரியம்.

கம்பெனிகள் பயன்படுத்துவது இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஒரு நீர். டைபுரொப்பிலீன் கிளைக்கோல் மெத்தில் ஈதர் என்று பெயர், தொழிலில் 'டிபிஎம்' என்பார்கள். தண்ணீர் போல இளக்கம். தைலங்கள் அதில் கரையும். அது 190 பாகை அளவில்தான் கொதிக்கும், ஆகவே சாதாரண அறையில் நிதானமாக ஆவியாகும். அதன் ஆவி தீப்பிடிக்க 75 பாகை அளவு சூடு வேண்டும். கிளிசரினிலிருந்து செய்கிற இன்னொரு வகையும் உண்டு, விலை கூட. இவற்றை நாம் வீட்டில் காய்ச்ச முடியாது. வாசனை மூலப்பொருள் விற்கிற கொழும்புக் கடைகளில் விசாரித்து வாங்க வேண்டும். வாங்கும்போது பொருளின் பாதுகாப்புத் தாளையும் கேட்டு வாங்குங்கள். 'அதெல்லாம் எதுக்கு' என்று சொல்கிற கடையில் எண்ணெயையும் வாங்காதீர்கள்.

இனிக் குச்சி. ஈர்க்கு பார்வைக்குக் குச்சிதான், ஆனால் அதன் தோல் வழவழப்பாக இறுகியது, ஈரம் உள்ளே போகாது. மூங்கிலில் ஏறும், ஆனால் கணுக்கள் வழியை மறிக்கும். இந்த வேலைக்கென்றே பிறந்தது பிரம்பு. பள்ளிக்கூடத்தில் நம் உள்ளங்கையில் விழுந்த அதே சாதி. அதன் உடம்பில் நீர் ஏறும் குழாய்கள் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மறிப்பில்லாமல் ஓடுகின்றன. சோதிக்க வேண்டுமா? ஒரு துண்டின் ஒரு முனையைச் சவர்க்காரத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் பலமாக ஊதிப் பாருங்கள், குமிழி வரும். வாத்தியார் கையில் இருந்தபோது அதற்குள் இவ்வளவு ஓட்டை இருந்தது யாருக்குத் தெரியும்! ஒன்று கவனியுங்கள்: கூடை முடைகிற, பளபளப்பான மேல்தோல் பிரம்பு இதற்கு ஆகாது. தோல் சீவிய உள்தண்டு வேண்டும், மூன்று மில்லிமீற்றர் தடிப்பு. கொழும்பு–கண்டி வீதியில் ரதாவதுன்னைப் பக்கம் பிரம்புச் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றனவே, அந்தக் கைவேலைக்காரர்களிடம் உள்தண்டு கேட்டுப் பார்க்கலாம். விற்பனைக்கு வெட்டித் தயாராக வருகிற குச்சிக்குப் பெரும்பாலும் மூலம் இந்தோனேசியா. உலகப் பிரம்பில் பெரும்பங்கு அங்கேதான் விளைகிறது.

அளவைச் சொல்லிவிடுகிறேன், அவள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். நூறு பங்கில் 20 முதல் 25 பங்கு வாசனை எண்ணெய், மிச்சம் டிபிஎம். கண்ணளவில் ஊற்றாமல் டிஜிட்டல் தராசில் வைத்து நிறுத்துக் கலக்க வேண்டும். அன்றைக்கு என்ன கலந்தோம் என்பதைக் கொப்பியில் எழுத வேண்டும். கலந்ததை மூடி ஒரு கிழமை இருட்டில் வைத்தால் ஒன்றோடொன்று சேரும். 100 மில்லிப் போத்தலுக்கு ஐந்திலிருந்து எட்டுக் குச்சி, நீளம் போத்தல் உயரத்தைப் போல இரண்டு மடங்கு. குச்சி கூடினால் வாசம் கூடும், எண்ணெயும் சீக்கிரம் தீரும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுக்கு மூன்று குச்சி போதும், எட்டும் வைத்தால் தலையிடிதான். கிழமைக்கு ஒரு தடவை குச்சியைத் தலைகீழாக்க வேண்டும். போத்தல் தீர்ந்து மறுபடி நிரப்பும்போது குச்சியும் புதிதாக வேண்டும், பழையதன் துளைகளைத் தூசியும் பிசினும் அடைத்திருக்கும்.

போத்தலைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அவள் கொண்டுவந்தது மெலிந்து நெடுத்த சோடாப் போத்தல். குப்பி லாம்பு நமக்குக் கற்றுக்கொடுத்த பெரிய பாடம் வெளிச்சத்தைப் பற்றியதல்ல, கவிழ்வதைப் பற்றியது. கவிழ்ந்த குப்பி லாம்பால் வெந்துபோனவர்கள் இந்த நாட்டில் கொஞ்சமில்லை. அந்தக் காயங்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்த ஒரு சத்திரசிகிச்சை வைத்தியர், விஜய கொடகும்புர, 'சுதீப' என்ற விளக்கைச் செய்தார். குள்ளமாக, கனமாக, கண்ணாடி தடிப்பாக, கவிழ்ந்தாலும் உருளாமலிருக்க இரண்டு பக்கம் தட்டையாக, எண்ணெய் கொட்டாமலிருக்கத் திருகு மூடியோடு. 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. டிஃபியூசர் போத்தல் வாங்கும்போது அந்த விளக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குள்ளம், கனம், அகன்ற அடி, ஒடுங்கிய வாய். மார்மைட் போத்தல் அடிக்குச் சரி, ஆனால் வாய் அகலம், குச்சி ஏறுமுன் எண்ணெய் வாய் வழியாகவே பறந்துவிடும். சாராயக் கால் போத்தலும் சோடாப் போத்தலும் வேண்டவே வேண்டாம். குடிக்கிற போத்தலில் இருந்த மண்ணெண்ணெயைத் தண்ணீர் என்று குடித்த பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய ஊர் இது. யூகலிப்டஸ் தைலம் ஒரு தேக்கரண்டி வயிற்றுக்குள் போனாலே சின்னப் பிள்ளைக்கு ஆபத்து.

"எந்த வாசம் மாமா செய்யிறது?"

அவள் ஏற்கனவே ஒரு பட்டியல் வைத்திருந்தாள்: லெவண்டர், வனிலா, 'ஓஷன் பிரீஸ்'. நான் சிரித்துவிட்டேன். கடலிலிருந்து இவ்வளவு உயரத்தில் உட்கார்ந்துகொண்டு கடற்காற்று விற்கலாமா? அதைக் கொழும்பில் ஆயிரம் பேர் விற்கிறார்கள். ரயிலில் ஏறி, ஒன்பது வளைவுப் பாலத்தில் படம் பிடிக்க வருகிறவன் வீட்டுக்குக் கொண்டுபோக விரும்புவது இந்த மலையைத்தான்.

இந்த மலைக்கு வாசம் இருக்கிறதா என்று கேட்டால், உலகத் தேயிலைச் சந்தை இருக்கிறது என்கிறது. யூலையிலிருந்து செப்ரெம்பர் வரை கச்சான் காற்று மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்த காற்றாக ஊவாப் பக்கம் இறங்கும். கொழுந்து வாடி வதங்கும், கைக்கு நிறை கிடைக்காது, நாம் சபிக்கிற மாதங்கள் அவை. ஆனால் அந்த வாட்டத்தில்தான் ஊவாத் தேயிலைக்குப் பேர்போன குளிர்ந்த, மெந்தோல் போன்ற வாசம் பிறக்கிறது. அதற்குக் காரணமான பொருள்களில் முதலாவது மெத்தில் சாலிசிலேற்று. அது வேறெங்கே இருக்கிறது என்று அவளைக் கேட்டேன், தெரியவில்லை. உள்ளே போய்க் கோடாலித் தைலக் குப்பியை எடுத்துவந்து மணக்கச் சொன்னேன். மெந்தோலோடும் கற்பூரத்தோடும் சேர்ந்து அதிலும் மெத்தில் சாலிசிலேற்று இருக்கிறது. சீசன் தேயிலையின் ஒரு கீற்று, தலையிடிக்குப் பூசுகிற தைலத்திலும் இருக்கிறது. தலைமுறைகளாக இரண்டையும் நாம் ஒரே காம்பராவில் வைத்திருக்கிறோம், ஒன்றை ஏற்றுமதி செய்துவிட்டு.

அடுத்தது மானா. பத்தனைப் புல்வெளி முழுக்க நிற்கிற, இலையைக் கசக்கினால் எலுமிச்சை போல மணக்கிற உயரப் புல். பழைய தேயிலையைப் பிடுங்கிய மலையில் புதுக்கன்று வைக்குமுன், மண் தேறட்டும் என்று ஒன்றரை இரண்டு வருடம் கௌத்தமாலாப் புல்லோ மானாவோ வளர்ப்பார்களே, அதே மானா. சிட்ரொனெல்லா எண்ணெய் எடுக்கிற புல்லுக்கு நெருங்கிய சொந்தம் அது.

சிட்ரொனெல்லா என்றதும் ஒரு பழைய கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகத்துக்கு அந்த எண்ணெயை அனுப்பியது இலங்கைதான், மாத்தறை, அம்பாந்தோட்டைப் பக்கங்களிலிருந்து. சிலர் அதில் மண்ணெண்ணெய் கலந்தார்கள். ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து ஷிம்மல் கம்பெனி, இதைப் பிடிக்கவே ஒரு சோதனை கண்டுபிடித்தது: எண்பது வீத மதுசாரத்தில் எண்ணெயைக் கரைப்பது. சுத்தமானது தெளியும், மண்ணெண்ணெய் கலந்தது கலங்கித் துளித்துளியாகப் பிரியும். நம் நாட்டு எண்ணெய்க்கென்றே ஒரு கலப்படச் சோதனை, அதுவும் புத்தகங்களில் பேரோடு! பிறகு ஜாவாப் புல்லின் எண்ணெய் வந்தது, அதில் வாசனைச் சத்து கூட. சந்தை அங்கே போயிற்று. நம் எண்ணெயைக் காப்பாற்ற நல்ல பேராவது மிஞ்சியிருக்க வேண்டும், அதுவும் இல்லை. 'சுத்த இயற்கை எண்ணெய்' என்று லேபலில் போடுமுன் இதை நினைத்துக்கொள் என்றேன். கடையில் வாங்கிய செயற்கை வாசனையாக இருந்தால் 'வாசனை எண்ணெய்' என்று போட்டுவிடலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. பெரிய கம்பெனிகளும் அதைத்தான் ஊற்றுகின்றன.

"தைலத்தை நாமளே அவிச்சு எடுத்தா?"

எடுக்கலாம். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் போட்ட பிறகு நீலகிரிக்குப் போய்க் குடியேறிய நம்மவர்கள் வீட்டுக்குப் போய்வந்தவர்கள், ஊட்டிப் பக்கம் இலையை அவித்துத் தைலம் எடுப்பதைப் பார்த்திருப்பார்கள். நீராவி இலைக்குள் புகுந்து தைலத்தைத் தூக்கிக்கொண்டு குழாய் வழியாக வரும், குளிர்ந்ததும் தைலம் மேலே மிதக்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள். நல்ல சாதி இலை நூறு கிலோ அவித்தால் ஒரு கிலோ சொச்சம் தைலம், சிட்ரொனெல்லாப் புல்லில் அதிலும் குறைவு. அதற்கு விறகு, தண்ணீர், ஆள். இன்னொன்று, நம் ஊரில் 'டர்பன்டைன் மரம்' என்று ஒரே பேரில் சொல்கிறோம், ஆனால் பலகைக்கும் விறகுக்கும் நட்ட கிராண்டிஸ் வேறு, தைலத்துக்குப் பேர்போன குளோபியூலஸ் வேறு. எல்லா இலையும் கோடாலித் தைலம் மாதிரி மணக்காது. இலையும் நமதல்ல, தோட்டத்துடையது, இல்லாவிட்டால் வனத் திணைக்களத்துடையது. கேட்காமல் கொய்யக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, லயத்துப் பின்பக்கம் பானை, குழாய், குளிர்த்தண்ணி வாளி என்று ஒருவர் அடுப்பு மூட்டினால் ஊர் நினைப்பது தைலத்தையா? கசிப்பு என்று பொலிஸ் வந்து நிற்கும். தைலத்தை வாங்குங்கள். அவிக்கிற வேலை பிறகு, நாலு பேர் சேர்ந்து, அனுமதியோடு.

வாங்கிக் கலக்கும்போதும் ஒரு நுணுக்கம் உண்டு. எல்லா வாசமும் ஒரே வேகத்தில் பறக்காது. எலுமிச்சை, தோடம்பழத் தோல் வகைகள் முதல் இரண்டு கிழமையில் ஓடிவிடும். யூகலிப்டஸ் அடுத்தது. கறுவா இலை, கராம்பு நின்று பேசும். வெட்டிவேர் கடைசிவரை இருக்கும், ஆனால் தடிப்பு, கூட ஊற்றினால் குச்சித் துளையை அடைத்துவிடும். ஆகவே முதல் நாள் மணக்கிற போத்தலும் ஐம்பதாம் நாள் மணக்கிற போத்தலும் ஒன்றல்ல. என் கணக்கில் நம் பக்கத்துக்குப் பொருத்தம் எலுமிச்சைப் புல்லும் யூகலிப்டசும் முன்னால், கறுவா இலை பின்னால் கொஞ்சம், வெட்டிவேர் பேருக்கு. கறுவா எண்ணெய் தோலை எரிக்கும், கையுறை போட்டுக்கொள்ள வேண்டும்.

'தேயிலை வாசம்' என்று கேட்டு வருவார்கள். தேயிலைத் தூளைப் போத்தலில் போட்டால் சகதிதான் மிஞ்சும். கடையில் அந்தப் பேரில் வருவது ஆய்வுகூடத்தில் கோர்த்த கலவை. அதை ஊற்றுவதும் ஊற்றாததும் உங்கள் இஷ்டம், ஆனால் தேயிலையிலிருந்து எடுத்தது என்று மட்டும் சொல்லாதீர்கள். இதில் இன்னொரு கண்டம் இருக்கிறது. தேயிலை வாசத்தைக் குடிக்கிற பண்டம். மல்லிகைப்பூவோடு வைத்து மல்லிகைத் தேயிலை செய்வதே அந்தக் குணத்தை வைத்துத்தான். நீங்கள் ஒரே மேசையில் டிஃபியூசரையும் தேயிலைப் பைக்கற்றையும் வைத்து விற்றால், வாங்கிப் போனவன் பிளேன்டீயில் கறுவாத் தைலத்தைக் குடிப்பான். ஸ்டோருக்குப் பக்கத்தில் இந்த வேலையே கூடாது. எந்த டீமேக்கரும் விடமாட்டார், விடவும் கூடாது.

சோதிப்பதுதான் இதில் பொறுமையைக் கேட்கிற வேலை. நம் மூக்கை நாமே நம்பக் கூடாது. ஸ்டோரில் வேலை செய்கிறவருக்குத் தேயிலை வாசம் தெரியாது, வாசலில் வந்து நிற்கிற விருந்தாளிக்குத்தான் தெரியும். அதனால் முதல் ஆறு போத்தலை விற்காமல் ஆறு வீட்டில் வையுங்கள். பதுளை டவுன் 680 மீற்றர் உயரம், வெக்கை, அங்கே சீக்கிரம் பறக்கும். அப்புத்தளை 1,400க்கு மேல், குளிர், அங்கே நிதானமாகப் போகும், வாசமும் மெலிவாக இருக்கும். இரண்டு இடத்திலும் வைத்தால்தான் 'இரண்டு மாதம் வரும்' என்று வாய் கூசாமல் சொல்லலாம். கிழமைக்கு ஒரு தடவை போத்தலை நிறுத்து, குறைந்த நிறையைக் கொப்பியில் எழுதுங்கள். வெளியாள் ஒருவரை உள்ளே கூப்பிட்டு, மணக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். எண்ணெய் சிந்திய மேசையில் பொலிஷ் உரிந்துபோகும் என்பதையும் அப்போது காண்பீர்கள், அடியில் வைக்க ஒரு தட்டு தேவை என்பது தானாகப் புரியும்.

காசுக் கணக்குக்கு வந்தோம். அவள் எழுதி வைத்திருந்தாள்: போத்தல், எண்ணெய், குச்சி, லேபல். கூட்டி, மேலே கொஞ்சம் வைத்து, விலை.

"உன் வேலை எங்க புள்ள?"

"நான்தானே மாமா செய்யிறேன். அதுக்கு எதுக்குக் காசு?"

இந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்றது. பிரட்டுக்குப் போய், செக்ரோலில் பேர் விழுந்தால்தான் சம்பளம் என்று தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த நாம், வீட்டில் வைத்துச் செய்கிற வேலைக்கு மட்டும் பேர் போடுவதில்லை. தோட்டத்து நாட்சம்பளம் 2021இல்தான் ஆயிரம் ரூபாய் ஆனது, 2024இல் அடிப்படை 1,350. அந்த 1,350ஐயே வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் கழுவி, நிறுத்து, நிரப்பி, லேபல் ஒட்டி இருபது போத்தல் முடித்தால் ஒன்றுக்கு 67 ரூபாய் 50 சதம். அதை முதலில் எழுது, உன் செக்ரோலில் உன் பேரை நீயே போடு என்றேன். அரைப் பேர் கூட விடாதே. அதற்குப் பிறகு உடைகிற போத்தல், பெட்டி, கூரியர், சோதனைக்குப் போன ஆறு, கடைக்காரர் எடுக்கும் பங்கு. இன்னொன்றையும் சொன்னேன். டிபிஎம்மும் வாசனை எண்ணெயும் குச்சியும் பெரும்பாலும் டொலரில் வருகிறவை. 2022இல் மார்ச்சிலிருந்து மே மாதத்துக்குள் டொலர் இருநூறு ரூபாயிலிருந்து முந்நூற்று அறுபதைத் தொட்டதை மறந்துவிடக் கூடாது. பழைய விலைக்கு ஓடர் எடுத்துவிட்டு அப்படி ஒன்று வந்தால், தொழில் ஒரே மாதத்தில் முடிந்துவிடும். இதற்காக நுண்கடன் எடுக்காதே என்பதை நான் சொல்லவில்லை, அவளே சொன்னாள். லயத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அது தெரியாமலா இருக்கும்.

பதிவு செய்வது பிரதேச செயலகத்தில். கிராம உத்தியோகத்தரின் கையொப்பம் வேண்டும், தொழில் நடக்கும் இடத்துக்கு அத்தாட்சி வேண்டும். அங்கேதான் நமக்கு இடிக்கிறது. லயத்துக் காம்பராவுக்கு உறுதியும் இல்லை, பல இடங்களில் ஒழுங்கான வீட்டிலக்கமும் இல்லை. தோட்ட ஆபிசிலிருந்து கடிதம் வாங்க வேண்டும், அது கிடைக்கும்வரை நடக்க வேண்டும். இருநூறு வருடம் இருந்த இடத்துக்கு விலாசம் இல்லாதவள், போத்தலில் 'தயாரித்தவர் விலாசம்' என்ற வரியில் என்ன எழுதுவாள்? இது அவள் தீர்க்க வேண்டிய பிரச்சினை அல்ல, ஆனால் அவள்தான் அலைகிறாள். டவுனில் சொந்தக்காரர் வீடு இருந்தால் அந்த விலாசத்தில் பதிவதே இப்போதைக்கு நடக்கிற வழி. லேபலில் அளவு, உள்ளடக்கம், தேதி, உச்ச விலை, தீக்கும் பிள்ளைகளுக்கும் எட்டாமல் வைக்கச் சொல்லும் வரி, எல்லாம் மூன்று மொழியிலும் இருக்கட்டும். தொழில்நுட்பச் சந்தேகத்துக்குப் பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கிறது. 2005இல் தொடங்கியபோதே நாட்டின் விளைபொருளுக்குப் பெறுமதி சேர்ப்பதுதான் தன் வேலை என்று சொன்ன இடம். போய்க் கேட்கலாம்.

எங்கே விற்பது என்றால், கடையை விட முதலில் விடுதி. எல்லயிலும் அப்புத்தளையிலும் வீட்டோடு அறை விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அறைக்கு ஒரு போத்தல் சும்மா கொடுத்து, வரவேற்பு மேசையில் விற்க நாலு வைக்கலாம். மணந்து பார்த்துத் தூங்கியவன் போகும்போது வாங்குவான். பல விமான நிலையங்களில் கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட போத்தலை விடமாட்டார்கள், அதனால் 50 மில்லியும் 100 மில்லியும் போதும். குச்சி தனிக் கட்டாக, போத்தலுக்கு உள்மூடியும் வெளிமூடியும், கழுத்துவரை நிரப்பாமல் கொஞ்சம் வெற்றிடம். மலைக் குளிரில் நிரப்பியது கொழும்பு வெக்கையில் விரியும்.

அப்புத்தளையில் அடிஷம் பங்களாவைப் பார்த்திருப்பீர்கள். சேர் தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டியது, இப்போது புனித பெனடிக்ட் துறவிகளின் மடம். துறவிகள் தாங்களே காய்ச்சிய ஜாமையும் கோர்டியலையும் ஒரு சின்ன மேசையில் விற்கிறார்கள், அதுவும் சனி ஞாயிறு, போயா, பள்ளி விடுமுறை நாட்களில் மட்டும். போகிறவர்கள் கையில் ஒரு போத்தல் இல்லாமல் இறங்குவதில்லை. இடத்தின் பேரும், செய்தவர் கையும் அந்த லேபலில் இருக்கின்றன. 'ஓஷன் பிரீஸ்' அதில் இல்லை.

தேத்தண்ணி ஆறி, மேலே ஆடை படர்ந்துவிட்டது. அவள் உறைந்த போத்தலை எடுத்து வெயில்பட வைத்தாள், இளகியதும் தலைக்குப் பூசிக்கொள்ளலாம் என்று. பிறகு விரல்விட்டு எண்ணினாள். சித்திரைப் புத்தாண்டுக்கு எல்ல நிரம்பும். அதற்கு முன் அறுபது நாள் சோதனை வேண்டும். தை முடிவதற்குள் அந்த ஆறு போத்தலும் ஆறு வீட்டில் இருக்க வேண்டும்.